குடல் பரிசோதனைக்குத் தேதி கிடைத்த பிறகு: காத்திருக்கும் நாட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டும் என்றார்கள். தேதி 19 நாட்கள் தள்ளிக் கிடைத்தது. அந்த 19 நாட்களில் நான் பட்ட பாடு, பரிசோதனையில் பட்டதைவிடப் பல மடங்கு பெரிது. பிறகு என் சித்தப்பா, பள்ளியில் உடன் வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர், எதிர்வீட்டு அக்கா என மூன்று பேருக்குத் துணையாகப் போய் வந்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறினோம்.

நான் மருத்துவர் அல்ல. உங்கள் மருத்துவர் சொல்வது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள். ஆனால் காத்திருக்கும் நாட்களை எந்த வரிசையில் நடத்திச் செல்வது என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. காத்திருக்கலாமா என்று முதலில் பாருங்கள்

மனதைச் சமாதானப்படுத்துவதற்கு முன் செய்ய வேண்டியது இது. காத்திருக்கக் கூடாத நிலை என்றால் கீழே உள்ள எதுவும் உங்களுக்கு இப்போது தேவையில்லை.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் தேதிக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்:

- ரத்தம் நிற்காமல் போவது, அல்லது கட்டிகட்டியாகப் போவது
- ரத்தத்தோடு தலைசுற்றல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு
- தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் மலம் போவது
- வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் வெளியேறாமல் நிற்பது
- காய்ச்சலோடு ரத்தபேதி
- நிமிர முடியாத அளவுக்கு வயிற்றுவலி

வாகனம் இல்லை, இரவு நேரம், துணைக்கு ஆள் இல்லை என்றெல்லாம் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுப்பாகத்தான் போகும். கூடவே தலைசுற்றல் இருந்தால், மாத்திரையால்தான் இருக்கும் என்று வீட்டிலேயே உட்கார்ந்து தீர்ப்பு எழுத வேண்டாம்.

இந்தப் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தேன். இதில் எதுவும் இல்லாத நாட்களில், இன்று காத்திருக்கலாம் என்று உறுதியாகச் சொல்லிக்கொள்ள அது உதவியது. இரவு இரண்டு மணிக்குப் பயம் எழும்போது, நினைவை நம்புவதைவிடத் தாளை நம்புவது எளிது.

2. தேதியை முன்னே கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள்

தேதி கொடுப்பவர் பெரும்பாலும் பதிவேட்டில் அடுத்து எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்துத்தான் கொடுக்கிறார். உங்கள் அறிகுறி அவருக்குத் தெரியாது. மருத்துவருக்கே தெரியாமலும் இருக்கலாம், நாம் சொல்லாவிட்டால்.

என் சித்தப்பா மருத்துவரிடம் சொன்னது, “கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை” என்பது மட்டும். மருமகளும் அறையில் நின்றுகொண்டிருந்தாள். ரத்தம் போகிறது என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. ஒரு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: இரண்டு மாதமாகச் சளியும் ரத்தமுமாகப் போகிறது, இரவில் இரண்டு முறையாவது எழுந்து ஓட வேண்டியிருக்கிறது, வேட்டியை முன்னைவிட இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. மறுநாள் அவரை மட்டும் அழைத்துக்கொண்டு போய் அதே மருத்துவரிடம் இதைச் சொல்ல வைத்தேன். ஐந்தாம் நாள் பரிசோதனை நடந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி என்று தெரிந்தது. இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார்.

ஆகவே இவற்றில் எது இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: திரும்பத் திரும்ப ரத்தம், குறைக்க முயலாமலே குறையும் எடை, ஹீமோகுளோபின் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப்பழக்கம், ரத்த உறவில் யாருக்கேனும் பெருங்குடல் புற்றுநோய். கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டுங்கள். யாராவது வராவிட்டால் அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிடுங்கள் என்று தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் எட்டு நாட்கள் முன்னதாக இடம் கிடைத்தது.

3. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

மருத்துவரின் எதிரே உட்காரும் சில நிமிடங்களில் மூன்று வாரத்து அறிகுறிகளை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல யாராலும் முடியாது. பயந்திருக்கும்போது மோசமான நாள் மட்டுமே நினைவில் நிற்கும். அதனால் எழுதி வைக்க வேண்டும்.

எழுத வேண்டியவை: தேதி, நேரம், எத்தனை முறை, கெட்டியா இளக்கமா, ரத்தம் அல்லது சளி உண்டா, வலி எங்கே, மலம் போனபின் வலி குறைந்ததா. மலத்தின் தன்மையைக் குறிக்கப் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. புழுக்கை போல் உருண்டையாக வருவது வகை 1, முழுக்க நீராகப் போவது வகை 7. 3, 4 ஆகிய வகைகள் இயல்பானவை. எண்ணைச் சொன்னால் மருத்துவருக்கு உடனே புரியும், நமக்கும் கூச்சம் பாதியாகக் குறையும்.

என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது: “செவ்வாய். காலை 6.10, வகை 5. ரத்தம் இல்லை. இடப்பக்க அடிவயிற்றில் பிடிப்பு, போனபின் குறைந்தது. 8.40, வகை 6, கொஞ்சம் சளி. அன்று தேர்வுத்தாள் கொடுக்க வேண்டிய நாள்.” கடைசி வரியை ஏன் எழுதினேன் என்று அப்போது தெரியாது. மருத்துவர் விரல் வைத்துக் கேட்டது அந்த வரியைத்தான்.

ரத்தம் இருந்தால் அதன் நிறத்தையும் இடத்தையும் எழுதுங்கள். சொட்டுச் சொட்டாகத் தனியே விழுந்ததா, மலத்தோடு கலந்திருந்ததா, கழுவும்போது கையில் மட்டும் பட்டதா என்பது மருத்துவருக்கு வெவ்வேறு செய்தி. எழுதுவதற்கு முன் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள். பீட்ரூட்டும் சிவப்பு டிராகன் பழமும் சிவப்பாக்கும். நிறையக் கீரை சாப்பிட்டால் பச்சையாகப் போகும்.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே எடைக்கருவியில், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். தினமும் பார்த்தால் அரைக் கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். அந்த அரைக் கிலோவே ஒரு நாள் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

4. பார்ப்பதற்கு ஓர் எல்லை போடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி. நோட்டை எழுதத் தொடங்கியவர்கள் அடுத்துச் செய்யும் தவறு, நாள் முழுவதும் வயிற்றையே கவனித்துக்கொண்டிருப்பது.

காத்திருந்த ஒன்பதாம் நாள் இரவு, கைபேசி வெளிச்சத்தில் கழிப்பறையில் குனிந்து நின்றது நினைவிருக்கிறது. சிவப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது. கால்கள் நடுங்கின, அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டேன். நன்றாக உற்றுப் பார்த்தபோது தக்காளித் தோல். இரவு இட்லிக்குத் தொட்டுக்கொண்ட சட்னி. ஆனால் அந்த நடுக்கம் அடங்குவதற்குள் வயிறு புரட்டி, இன்னும் மூன்று முறை போக வேண்டியிருந்தது. அந்த மூன்றையும் நோயின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பயந்தால் “வயிற்றில் புளியைக் கரைக்கிறது” என்கிறோம். அது வெறும் சொல்வழக்கு இல்லை. குடலின் சுவருக்குள்ளேயே பெரியதொரு நரம்பு வலை இருக்கிறது, அது மூளையோடு இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறது. பயம் வந்தால் பெருங்குடலின் ஓட்டம் விரைவுபடும், சாதாரண வாயு நகர்வது கூட வலியாகத் தெரியும். அந்த வலியைக் கண்டு மேலும் பயப்படுகிறோம். இந்தச் சுற்றை ஓரிடத்தில் அறுக்க வேண்டும், நம் கைக்கு எட்டும் இடம் பார்ப்பதும் தேடுவதும்தான்.

நான் வைத்துக்கொண்ட விதி: ஒருமுறை பார், எழுது, தண்ணீர் ஊற்று, வெளியே வா. படம் எடுக்க வேண்டாம். மருத்துவர் கேட்டிருந்தால் ஒன்று போதும். கவலைப்படுவதற்கு மாலை 6 மணி முதல் 15 நிமிடம். மற்ற நேரத்தில் கவலை வந்தால், ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டின் ஓரத்தில் ஒரு சொல் மட்டும் குறித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மூன்று நாட்கள் தோற்றுப் போனேன். நான்காம் நாளிலிருந்து பிடிபட்டது.

ஒன்றை மறக்கக் கூடாது. பயம் பேதியைத் தரும், வலியைத் தரும், உப்புசத்தைத் தரும். ரத்தத்தைத் தராது, காய்ச்சலைத் தராது. அவற்றை ‘டென்ஷன்’ என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டில் யாராவது அப்படிச் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

5. தேடல், கைமருந்து, மூல வைத்தியம்

இணையத்தில் அறிகுறியைத் தட்டினால் பத்து நிமிடத்தில் புற்றுநோயில் கொண்டுபோய் விடும். பெருங்குடல் புற்றுநோய் மேலை நாடுகளைவிட இந்தியாவில் குறைவு என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை. அங்கே எழுதப்பட்ட கணக்குகள் அந்த நாட்டு மக்களுக்கானவை. இங்கே இதே அறிகுறிகளோடு வருபவர்களுக்கு மூலம், ஆசனவாய் வெடிப்பு, அமீபா போன்ற தொற்று, குடல் காசநோய், குடல் அழற்சி, எரிச்சல் குடல் (பரிசோதனையில் புண்ணோ அழற்சியோ தெரியாமலே வலியும் பேதியும் தரும் நிலை) எனப் பல காரணங்கள் இருக்கின்றன. எது என்று பார்க்கத்தான் பரிசோதனை. தேட வேண்டும் என்று கை துடிக்கும்போதெல்லாம், தேட நினைத்ததை ஒரு கேள்வியாக நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அந்தப் பக்கம் அப்படியே பயன்படும்.

ரத்தம் என்றதும் மூலம்தான் என்று முடிவுகட்டுவது நம் ஊரில் மிகப் பரவலான தவறு. சுவரொட்டியைப் பார்த்து மூல வைத்தியம் செய்துகொண்டு மாதக்கணக்கில் நாளைக் கடத்துகிறார்கள். மூலம் உண்மையிலேயே இருக்கலாம், அதற்கு மேலே வேறொன்றும் இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளுக்கு வரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

வயிற்றைச் சுத்தப்படுத்துகிறேன் என்று விளக்கெண்ணெய் குடிப்பது, மருந்துக்கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரையை வாங்கி விழுங்குவது, ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரை போடுவது, மூன்றும் வேண்டாம். அறிகுறியை மாற்றிவிட்டு மருத்துவரிடம் போனால் அவருக்குத் தடயம் கிடைக்காது. வலி மாத்திரைகளிலும் கவனம் தேவை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை குடலைப் புண்ணாக்கக் கூடும், குடல் அழற்சியை அறிய மலத்தில் பார்க்கும் கால்புரொடெக்டின் என்ற புரதத்தின் அளவையும் உயர்த்தக் கூடும். எதைச் சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

6. சாப்பாட்டை ஒரேயடியாக மாற்றாதீர்கள்

பால் நிறுத்தம், கோதுமை நிறுத்தம், காரம் நிறுத்தம் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துபவர்களுக்கு இரண்டு சிக்கல்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது, உடம்பும் இளைக்கும். இளைத்த எடை அடுத்த பயமாக மாறும்.

முக்கியமாக, கோதுமையில் உள்ள குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்யாதவரை கோதுமையை நிறுத்தக் கூடாது. கோதுமை உடம்பில் இல்லாவிட்டால் அந்தப் பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டலாம். வழக்கமான சாப்பாடு, நேரத்துக்குச் சாப்பாடு, தேவையான தண்ணீர், இவை போதும். பேதி அதிகமானால் உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலம் ஒன்றை, அதன்மேல் போட்டிருக்கும் அளவு நீரில் கரைத்துக் குடியுங்கள். சாப்பிட்ட உடனே மலம் வருவதுபோல் இருந்தால், சாப்பிட்டது அப்படியே வெளியே வருகிறது என்று அர்த்தம் இல்லை. இரைப்பை நிரம்பியதும் பெருங்குடல் அசைந்து கொடுப்பது எல்லோருக்கும் உள்ள இயக்கம்.

7. ஒருவரிடமாவது முழுதாகச் சொல்லுங்கள்

வீட்டுக்கே தெரிய வேண்டாம் என்றால் ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். பரிசோதனை நாளில் எப்படியும் துணை வேண்டும், அவரிடமே இப்போது சொல்லிவிடுங்கள். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், கோப்பு எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வேலைக்குப் போக முடியாத அளவுக்கு மனம் கலங்கினால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கிறது. இரவும் பகலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். பரிசோதனை முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

8. குடலைச் சுத்தம் செய்யும் இரண்டு நாட்கள்

பரிசோதனை நன்றாக அமைவது மருத்துவர் கையில் பாதி, இந்த இரண்டு நாட்களில் பாதி. உடன் வேலை செய்யும் ஆசிரியர் பரிசோதனைக்கு முந்தைய நாள் மதியம் முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்டார். கீரை உடம்புக்கு நல்லதுதானே என்று நினைத்தார். குழாயை உள்ளே விட்டதும் குடல் சுவர் முழுவதும் இலைத்துணுக்குகள். பாதியில் நிறுத்திவிட்டு, 12 நாட்கள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கியது.

வரிசை இது:

*ஒரு வாரம் முன்.* சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது குடல் சுவரில் கறுப்பாகப் படியும். ரத்தத்தை இளக்கும் மாத்திரையையும் சர்க்கரை மருந்தையும் இன்சுலினையும் நீங்களாக நிறுத்தவும் கூடாது, நீங்களாகத் தொடரவும் கூடாது. கேட்டு எழுதி வாங்குங்கள்.

*இரண்டு நாள் முன்.* கீரை, பழம், விதையுள்ள காய்கள், முழுத்தானியம், கொட்டைகள் வேண்டாம். வெள்ளைச் சோறு, இட்லி, தயிர், முட்டை, இடியாப்பம் போகலாம்.

*முந்தைய நாள்.* மருத்துவமனை சொல்லும் நேரத்திலிருந்து தெளிந்த திரவம் மட்டும். வடிகட்டிய ரசம், இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் விடாத தேநீர். இளநீரின் வழுக்கையைத் தொடாதீர்கள். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் எதுவும் வேண்டாம், குடலுக்குள் அவை ரத்தம்போலத் தெரியும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இளநீர் பற்றியும் சுத்தம் செய்யும் மருந்து பற்றியும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

*பேதி மருந்து.* பெரும்பாலும் ஒரு பொட்டலப் பொடியை இரண்டு லிட்டர் நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். உப்பும் இனிப்புமாகக் குமட்டும். குளிரவைத்து, ஒரு டம்ளரைப் பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் குடியுங்கள். ஒரே மூச்சில் குடித்தால் வாந்தியாக வந்துவிடும். வாந்தி வந்தால் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடருங்கள். பாதியை மாலையிலும் பாதியை அதிகாலையிலும் குடிக்கச் சொன்னால், தூக்கம் கெடுகிறதே என்று மொத்தத்தையும் மாலையிலேயே முடித்துவிடாதீர்கள். காலையில் குடிப்பதுதான், இரவில் சிறுகுடலிலிருந்து இறங்கியதைக் கழுவிவிடுகிறது.

கழிப்பறை அன்று உங்களுக்கு மட்டும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். தொடங்கும் முன்பே ஆசனவாயைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பத்தாவது முறை போகும்போது அதன் அருமை தெரியும். வயதானவர்களைத் தனியே விட வேண்டாம். தலைசுற்றி விழுவது இந்த இரவில்தான் நடக்கிறது.

கடைசியில் வெளியேறுவது சிறுநீர் போல மஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டும். இன்னும் பழுப்பாகக் கலங்கி வந்தால் புறப்படும் முன் தொலைபேசியில் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் போனால் மறுபடி வர வேண்டியிருக்கும்.

9. பரிசோதனை நாள்

பழைய அறிக்கைகள், நோட்டு, மருந்துப் பட்டியல், மாற்று உடை, துணைக்கு ஒருவர். மயக்கமருந்து கொடுத்தால் அன்று முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது. பரிசோதனை பெரும்பாலும் அரைமணி நேரத்தைச் சுற்றி முடியும். குடலை விரிக்கக் காற்று செலுத்துவார்கள், அதனால் பிறகு உப்புசமும் பிடிப்பும் இருக்கும். காற்றை அடக்காதீர்கள், அங்கே இருக்கும் எல்லோரும் அதற்காகவே படுத்திருக்கிறார்கள்.

மயக்கம் தெளியும் நேரத்தில் மருத்துவர் சொல்வது உங்கள் நினைவில் தங்காது. துணைக்கு வந்தவர் அருகில் நின்று நோட்டில் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்தபின் வயிறு கல்லாக இறுகினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, ரத்தம் அதிகமாகப் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்பிப் போங்கள்.

10. சதைத் துணுக்கு எடுத்தார்கள் என்றால்

இங்கே இரண்டாவது காத்திருப்பு தொடங்குகிறது. ‘பயாப்ஸி எடுத்திருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லிலேயே எதிர்வீட்டு அக்கா அழுதுவிட்டார். பார்க்க இயல்பாக இருக்கும் குடலிலிருந்தும் துணுக்கு எடுப்பது வழக்கம், சில அழற்சிகள் நுண்ணோக்கியில்தான் தெரியும். குடல் காசநோயா, குரோன் என்னும் நாள்பட்ட குடல் அழற்சி நோயா என்று பிரிக்கவும் துணுக்கு வேண்டும். குடல் சுவரில் சிறு பாலிப் (சதை வளர்ச்சி) இருந்தால் அங்கேயே வெட்டி எடுத்துவிடுவார்கள். சில வகைப் பாலிப்புகள் புற்றுநோயாக மாறக்கூடியவை, ஆனால் அதற்குப் பொதுவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். எடுத்துவிட்டால் அந்த வழி அங்கேயே அடைபடுகிறது. அக்காவுக்கு இருந்ததும் அப்படி ஒரு பாலிப்தான்.

வெளியே வரும் முன் மூன்றைக் கேளுங்கள்: கண்ணால் பார்த்ததில் என்ன தெரிந்தது, துணுக்கு எதற்காக எடுத்தீர்கள், முடிவை எந்தத் தேதியில் யாரிடம் வாங்க வேண்டும். தேதி தெரிந்தால் தினமும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அறிக்கையைத் தனியே பிரித்துப் படித்துச் சொற்களைத் தேடாதீர்கள், மருத்துவரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு முடிவு இயல்பு என்று வந்தது. அன்று மாலையே வயிறு சரியாகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை. எரிச்சல் குடல் என்று சொல்லி அதற்குத் தனியாக மருத்துவம் தொடங்கினார்கள், நான்கு மாதங்கள் ஆயின. ஆகவே ‘நார்மல்’ என்று கேட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள். அப்படியென்றால் என் வலிக்குக் காரணம் என்ன, இனி என்ன தெரிந்தால் திரும்பி வர வேண்டும், அடுத்த பரிசோதனை தேவையா, எத்தனை ஆண்டுக்குப் பிறகு? அந்தப் பதில்களை அதே நோட்டின் அடுத்த பக்கத்தில், தேதி போட்டு எழுதி வையுங்கள்.